உடைந்த தட்டுகளின் கணக்கு

திருநீர்மலையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ரங்கநாதர் கோயிலுக்கு ஏறும் படிகள் தெரியும். அந்தப் படிகளை இன்றும் என்னால் ஏற முடிகிறது, கொஞ்சம் மெதுவாக. எனக்கு முடியாமல் போனது வேறு.

தாம்பரம் பக்கம் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். கடைசி ஆண்டில் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றினேன். போன் பேசிவிட்டுத் திரும்பினால் எந்த வரியில் விட்டேன் என்பது நினைவில் இருக்காது. “கை கால் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்மா கவனமே இல்ல?” என்றார் மேலாளர். வீட்டிலும் அதே கேள்விதான். குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பு தீய்ந்த நாளில் மாமியார் கேட்டார்: “மனசு எங்க இருக்கு உனக்கு?”

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பிறகு தெரிந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்கும் நோய் இது. மூளை, பார்வை நரம்பு, தண்டுவடம் மூன்றையும் பாதிக்கும். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. படித்து, வேலைக்குச் சேர்ந்து, பிள்ளை பெறும் வயதில்தான் வந்து நிற்கிறது.

யாரும் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நானே எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், “சொந்தக் காரணங்கள்.”

வேலையை விட்ட பிறகு இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதன் வாசலிலேயே வேலை இழந்த ஒரு பெண் நின்றிருந்தாள்.

நோயைத் தெளிவாக வரையறுத்தவர் பாரிஸில் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ. ஆண்டு 1868. அவர் இறந்தபோது, 1893-இல், அவரிடம் பயின்ற ஃபிராய்ட் எழுதிய அஞ்சலிக் கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. மாணவராக இருந்த காலத்தில் ஷார்கோ ஒரு வீட்டுப் பணிப்பெண்ணைச் சந்தித்தார். அவளுக்கு விநோதமான நடுக்கம். கையில் எடுத்ததெல்லாம் தவறிப்போவதால் யாரும் வேலை தரவில்லை. ஷார்கோ அவளைத் தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் அவள் உடைத்த தட்டுகளுக்கு நிறையப் பணம் செலவானதாம். அவள் இறந்த பிறகு அவளுடைய நோயின் அடிப்படை நரம்புகளில் உண்டான இந்தத் தழும்புகளே என்று அவரால் நிறுவ முடிந்தது.

உடைந்த தட்டுகளின் செலவு பதிவாகியிருக்கிறது. அவள் பெயர் அந்தக் கட்டுரையில் இல்லை. மறுபடி ஒரு தட்டு விழுந்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்பதும் இல்லை.

ஷார்கோ இன்னொன்றையும் கவனித்திருந்தார். இந்த நோயாளிகளின் நினைவாற்றல் தளர்கிறது, எண்ணங்கள் மெதுவாக உருவாகின்றன என்று தன் விரிவுரைகளில் சொன்னார். ஆனால் அடுத்த நூறாண்டில் அந்தக் கவனிப்பு பின்னுக்குப் போனது. சிந்தனை பாதிக்கப்படுவது அரிது என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. 1983-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி வெளியிட்ட அளவுகோல் இன்றுவரை உலகமெங்கும் பயன்படுகிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் தரும். மனத்திறனுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் 4-ஐத் தாண்டினால் எண்ணை முடிவு செய்வது பெரும்பாலும் எத்தனை மீட்டர் நடக்கிறோம் என்பதுதான்.

1991-இல் ஸ்டீபன் ராவ் குழுவினர் நோயுள்ள 100 பேரையும் நோயற்ற 100 பேரையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். நோயாளிகளில் 43 விழுக்காட்டினருக்குச் சிந்தனைத் திறனில் பாதிப்பு இருப்பதாக மதிப்பிட்டார்கள். அண்மை நினைவும் தொடர்ந்து கவனம் செலுத்துவதும் அதிகம் அடிபட்டிருந்தன. பாதிப்பு உள்ளவர்களும் இல்லாதவர்களும் உடல் இயலாமையில் பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் பாதிப்பு உள்ளவர்களில் வேலையில் இருப்பவர்கள் குறைவு. அன்றாட வீட்டுவேலைகளைச் செய்வதிலும் அவர்கள் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது தீய்ந்த பருப்பு நினைவுக்கு வந்தது. சம்பளம் இல்லாத வேலைக்கும் மூளை வேண்டும் என்பதை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1985-இல் மும்பையில் இந்த நோயாளிகளுக்கான சங்கத்தைத் தொடங்கியவர் ரெஹ்மத் ஃபஸல்பாய், இந்த நோயோடு வாழ்ந்த பெண். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொன்ன ஏழு வகைகளில் இந்த நோய் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இடம்பெற்றது. பணிக்காலத்தில் இயலாமை வந்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்கிறது அதன் 20-ஆவது பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்குத்தான். இங்கே ஏற்றுமதி வளாகங்களுக்குக் காலை ஷிப்டுக்கு ஓடும் பெண்களுக்கு அது எட்டாது. வேலை இட ஒதுக்கீட்டுக்கான 34-ஆவது பிரிவிலும் இந்த நோயின் பெயர் தனியாக இல்லை.

தமிழக அரசின் உதவித்தொகைப் படிவத்தில் இதன் பெயர் “தண்டுவட மரப்பு நோய்.” முதல் தடவை அதை ‘மறப்பு’ என்று படித்தேன். நம் ஊர்ப் பெயரிலும் மூளை இல்லை. சான்றிதழுக்குப் போன இடத்தில் என்னை நடக்கச் சொன்னார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள். நினைவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

பின்னால் ஓர் உளவியலாளர் எனக்கு ஒரு சோதனை வைத்தார். ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 90 நொடிகளுக்குள் குறியைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். முடித்ததும் சொன்னார்: “தப்பா எதுவும் சொல்லலைம்மா. மெதுவா சொன்னீங்க, அவ்வளவுதான்.”

ஓராண்டாக யாரும் எனக்குச் சொல்லாத வித்தியாசம் அது. மெதுவானவள் வேறு, பொறுப்பில்லாதவள் வேறு.

இப்போது ஓர் ஆடிட்டருக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்துவிடுவேன். உடல் சூடானால் இந்த நோயில் நரம்புகள் இன்னும் தடுமாறும். உடலை வருத்தினால் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890-இலேயே உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் பதிவு செய்துவிட்டார். சித்திரை வெயிலில் மதியம் நான் ஒரு கூட்டலைக்கூடத் தொடுவதில்லை. போனை வேறு அறையில் வைத்துவிடுவேன். ஏற்றிய பில்லில் உடனே பென்சிலால் டிக் போடுவேன். வருமானம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. தவறு அனேகமாக வருவதில்லை.

இதில் எதுவும் அந்த நிறுவனத்தால் தர முடியாத வசதி இல்லை. காலை நேரம், எழுத்தில் குறிப்பு, ஒரு நேரத்தில் ஒரு வேலை. கேட்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியது என்ன என்று சொல்லவும் எனக்கு அப்போது சொற்கள் இல்லை.

ராஜினாமாக் கடிதத்தின் நகல் பீரோவில் இருக்கிறது. பெண்கள் ஏன் வேலையை விட்டார்கள் என்று நாளை யாராவது ஆராய வந்தால், அந்த நிறுவனத்தின் கோப்பில் என் கணக்கு “சொந்தக் காரணங்கள்” என்றே இருக்கும். அதனால்தான் காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.