இரட்சணிய யாத்திரிகமும் ஓர் உள்ளத்தின் போராட்டமும்

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு, வைணவ வேளாளர் குடியில் தோன்றியவர் கிருஷ்ண பிள்ளை. இளமையிலேயே கம்பனில் தோய்ந்தவர். 1853-இல் சாயர்புரம் கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தபோது, தம் குலநெறியில் உறுதி பூண்டவராகவே அவர் அங்குச் சென்றார். ஐந்தாண்டுகள் கழிந்தன. தம்பி முத்தையா பிள்ளை முன்னரே கிறிஸ்தவராகிவிட்டார். 1858 ஏப்ரலில், சென்னையில், தமையனாரும் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை ஆயினார்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இந்நாளையே அவர் கதையின் முடிவாகக் கொள்வர். ஆனால் அவருடைய பெருங்காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது 1894-இல். இடையே நின்ற முப்பத்தாறு ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்னை, பாளையங்கோட்டை, திருவனந்தபுரம் எனப் பணி நிமித்தம் ஊர் மாறி வாழ்ந்த ஆண்டுகள் அவை.

காப்பியத்திற்கு முதனூல் இங்கிலாந்து நாட்டு ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை. தமிழ் உரைநடையில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்குவது. பனியன் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் எளிய தொழிலாளி. அரசின் இசைவின்றிப் போதித்த குற்றத்திற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் கிடந்தவர். சிறைக்கு முன்பே வேறொரு சிறை அவரை வருத்தியது. 'கிறிஸ்துவை விற்றுவிடு' என்று ஏதோவொரு குரல் இடைவிடாது தம் நெஞ்சில் ஒலித்ததை, 1666-இல் எழுதிய தன்வரலாற்றில் ஒளிக்காமல் கூறுகிறார்.

இப்பட்டறிவே அவர் கதைக்கு வடிவம் தந்தது. பயணியின் பாவச்சுமை சிலுவையடியில் கழன்று விழுவது நூலின் முற்பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பிறகுதான் பெருந்துன்பங்கள் எல்லாம்! செங்குத்தான மலையில் அவன் உறங்கி, கைச்சுருளைத் தவறவிட்டுத் திரும்பி ஓடுகிறான். பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் எதிர்ப்பட்டு, வாளை எடுக்குமுன் வழக்காடுகிறான்: நீ பிறந்தது என் ஆட்சியில் அன்றோ? நீ தேடிப் போன தலைவனுக்கேனும் உண்மையாக இருந்தாயா? இரண்டாவது வினாவே கொடியது. பயணி வழியில் தவறியது மெய். அவன் அதை மறுக்கவுமில்லை. அதற்கும் மேலாகவே தவறினேன் என ஒப்பிவிட்டு, தன் தலைவன் மன்னிப்பவன் என்கிறான். பின்னும் ஐயக் கோட்டையில் அடைபட்டு, தற்கொலை எண்ணும் எல்லைவரை சென்ற பிறகே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்தமை நினைவுக்கு வருகிறது.

மதம் மாறிய ஒரு புலவர் இக்கதையைத் தேர்ந்தது தற்செயல் எனத் தோன்றவில்லை. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் வரை ஐந்து பருவங்களாக அவர் அதை விரித்தார். பனியன் கதையாகச் சொல்லாத இயேசுவின் பாடுகளை விரிவான காப்பியப் பகுதியாகவே சேர்த்தார். இவ்வளவும் கம்பன் கையாண்ட விருத்த நடையில். சமயம் மாறிய நாவில் கம்பன் மாறவில்லை. 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டம் அவருக்குப் பொருந்துவதே. எனினும் அது அவருடைய ஓசைநயத்தைப் புகழும் அளவுக்கு, அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததைக் காட்டுவதில்லை.

காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாக்கள் வருகின்றன. கதை நடந்துகொண்டிருக்கையில் திடுமென நின்று, கவிஞர் தம் குரலிலேயே இறைவனை நோக்கி இரங்கி அழைப்பது போன்ற பாக்கள் அவை. 1899-இல் இரட்சணிய மனோகரம் என்னும் துதிப்பாடல் நூலையும் வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். நெடுங்காப்பியத்தை முழுதும் ஓதுவோர் இன்று மிகச் சிலரே. தேவாரங்களோ ஏட்டை விட்டுப் பிரிந்து, தமிழ்த் திருச்சபைகளில் வழிபாட்டுப் பாடல்களாகிவிட்டன. அவற்றைப் பாடுவோரில் பலர், அவை ஒரு பயணியின் கதைக்கு நடுவே பிறந்தவை என்பதை அறியார்.