திட்டமிட்ட சமூகமும் நிலைத்த சமூகமும்: அப்பலாச்சியன் நெடும்பாதை நடையர் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடர் நெடுகிலும் ஒரு நடைபாதை அமைக்க வேண்டும் என்று 1921இல் பென்டன் மெக்காய் முன்வைத்த திட்டத்தில், கூட்டுறவு வாழ்விடங்களை உருவாக்குவதும் ஓர் இன்றியமையாத பகுதியாக இருந்தது. அவ்வாழ்விடங்கள் உருவாகவில்லை. எனினும் அப்பாதையைச் சுற்றி, எவரும் திட்டமிடாத வேறொரு சமூகம் தோன்றி ஒரு நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. பாதையைப் பேணும் உழைப்பும், நடப்போர் பின்வருவோர்க்கு எழுதிவைக்கும் மரபும் அச்சமூகத்தின் இரு தூண்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அச்சமூகத்தின் உருவாக்கத்தில் இடம் மறுக்கப்பட்டோரையும் அது கருத்திற்கொள்கிறது.

திறவுச்சொற்கள்: அப்பலாச்சியன் பாதை, மலைநடை, தன்னார்வப் பணி, குடில் பதிவேடு, பென்டன் மெக்காய், மைரன் ஏவரி

முன்னுரை

மலைநடை என்பது பெரும்பாலும் தனியாள் செயலாகவே கருதப்படுகிறது. ஊரையும் உறவையும் விட்டுச் சில நாளேனும் விலகியிருக்க விரும்புவோரே மலையை நாடுகின்றனர். அத்தகையோரிடையே பல தலைமுறைகள் நீடிக்கும் சமூகம் ஒன்று உருவாவது முரணாகத் தோன்றலாம். ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைமுகட்டில் முடியும் அப்பலாச்சியன் பாதை இம்முரணை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். 14 மாநிலங்களின் ஊடாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்லும் இப்பாதையின் வரலாறு, அதை வெட்டியவர்கள், பேணியவர்கள், நடந்தவர்கள் ஆகியோரின் கூட்டு வரலாறுமாகும்.

மெக்காயின் கனவு

பென்டன் மெக்காய் வனவியல் பயின்றவர். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றியவர். 1921 அக்டோபரில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையே அப்பலாச்சியன் பாதையின் தொடக்க ஆவணமாகும். வட்டாரத் திட்டமிடலுக்கான ஒரு முன்மொழிவாகவே அவர் அதை முன்வைத்தார். அவருடைய திட்டத்தில் நான்கு கூறுகள் இருந்தன: நடைபாதை, ஒருநாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாகத் தங்குகுடில்கள், அவற்றைச் சார்ந்து வளரும் சமூகக் குடியிருப்புகள், உணவு விளைவிக்கும் பண்ணை முகாம்கள்.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய தொழில்நகர வாழ்வின் நெருக்கடிக்கு மாற்று ஒன்றை மெக்காய் தேடினார். போட்டியின் இடத்தில் கூட்டுறவு அமைய வேண்டும் என்பதும், நகர உழைப்பாளர்க்கு மலைத்தொடர் ஓய்வையும் வேலையையும் ஒருங்கே தர வேண்டும் என்பதும் அவர் எண்ணம். அவரைப் பொறுத்தவரை பாதை ஒரு கருவியே. சமூக மாற்றமே இலக்கு. ஆனால் நான்கு கூறுகளுள் முதலிரண்டு மட்டுமே நிறைவேறின. குடியிருப்புகளும் பண்ணை முகாம்களும் ஏட்டளவிலேயே நின்றன.

இதற்கான காரணத்தை அன்று களத்தில் இருந்தோரின் இயல்பில் காணலாம். பாஸ்டன் நகரில் 1876இலேயே அப்பலாச்சியன் மலைக் கழகம் தோன்றியிருந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் 1910இல் தோன்றிய பசுமலைக் கழகம் தனக்கென ஒரு நெடும்பாதையை அமைத்துக்கொண்டிருந்தது. இவற்றில் இருந்தோர் பெரும்பாலும் நகர்ப்புற நடுத்தர வகுப்பினர். வார இறுதியில் கோடரியும் மண்வெட்டியும் ஏந்தி மலையேற அவர்கள் அணியமாக இருந்தனர். மலையில் குடியேறிப் பயிர்செய்ய அன்று. மெக்காயின் கனவில் தம்மால் செய்யக்கூடிய பகுதியை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

ஏவரியும் உழைப்பின் ஒழுங்கும்

பாதையின் முதற்பகுதி நியூயார்க் மாநிலத்தின் பேர் மலைப் பூங்காவில் 1923இல் திறக்கப்பட்டது. 1925 மார்ச்சில் வாஷிங்டனில் கூடிய கூட்டம் அப்பலாச்சியன் பாதை மாநாடு என்னும் அமைப்பை உருவாக்கியது. எனினும் பணி தேங்கியே கிடந்தது. ஓய்வுபெற்ற வழக்கறிஞரான ஆர்தர் பெர்கின்ஸ் அதற்கு மீண்டும் உயிரூட்டினார். அவரையடுத்து மைரன் ஏவரி அதைச் செயல்வடிவாக்கினார். கடல்சார் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞரான ஏவரி, 1927இல் தொடங்கிய பொட்டோமாக் அப்பலாச்சியன் பாதைக் கழகத்தின் முதல் தலைவர். 1931 முதல் 1952 வரை மாநாட்டின் தலைமைப் பொறுப்பையும் அவரே வகித்தார்.

மிதிவண்டிச் சக்கரத்தால் அமைந்த அளவுகருவியைத் தள்ளிக்கொண்டே அவர் பாதையை அளந்தார். ஒவ்வொரு திருப்பத்தையும் நீர்நிலையையும் வழிகாட்டி நூல்களில் பதியச் செய்தார். பாதை செல்லும் இடங்களில் புதிய கழகங்களைத் தோற்றுவித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதியைப் பொறுப்பாக்கினார். 1936க்குள் முழுப்பாதையையும் பகுதி பகுதியாக நடந்து முடித்த முதல் மனிதரும் அவரே.

இந்தப் பகுதிப்பொறுப்பு முறையே பின்னாளைய சமூகத்தின் அடித்தளம். கழகம் தன் பகுதியைச் சில மைல் நீளமுள்ள துண்டுகளாக்கி உறுப்பினர்களிடம் ஒப்படைக்கும். குளிர்காலத்தில் சாய்ந்த மரங்களை அறுத்தகற்றல், மழைநீர் பாதையை அரிக்காமல் சரிவுக்குத் திருப்பும் கல்வரிசைகளைப் பதித்தல், மரங்களில் தீட்டிய வெள்ளைப்பட்டைக் குறிகளைப் புதுப்பித்தல், குடில்களைச் செப்பனிடுதல் ஆகியவை அப்பணிகள். இவற்றுக்கு ஊதியம் இல்லை. மலைப்பாதை ஒருமுறை வெட்டினால் நிலைப்பதன்று; சில பருவங்கள் கைவிட்டால் புதரும் மண்ணரிப்பும் அதை விழுங்கிவிடும். பாதையின் இந்த நிலையாமையே மனிதரை ஆண்டுதோறும் ஒன்றுகூட்டியது எனலாம்.

1935இன் பிளவு

மெக்காய்க்கும் ஏவரிக்கும் இடையிலான கருத்து வேற்றுமை 1930களின் நடுவில் முற்றியது. வர்ஜீனியாவில் ஷெனன்டோவா தேசியப் பூங்காவின் மலைமுகட்டில் அரசு அமைத்த வண்டிச்சாலை, பாதை சென்ற தடத்தையே பல இடங்களில் எடுத்துக்கொண்டது. வனத்தின் தனிமை கெட்டபின் பாதையால் பயனில்லை என்பது மெக்காயின் நிலைப்பாடு. தொடர்ச்சியான பாதையை நிறைவுசெய்வதே முதற்கடமை. அரசுடன் மோதினால் அது கைகூடாது என்பது ஏவரியின் நிலைப்பாடு. கடுமையான கடிதங்கள் பரிமாறப்பட்டன. மெக்காய் விலகிச் சென்று, 1935இல் தோன்றிய வன இயல்பு காக்கும் சங்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவரானார்.

இருவருள் யார் சரி என்பதைவிட, கருத்தை வகுத்தவர் வெளியேறிய பின்னரும் அமைப்பு சிதையவில்லை என்பதே இங்கு கவனத்திற்குரியது. 1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்ன் மாநிலத்தின் ஸ்பால்டிங், சுகர்லோஃப் மலைகளுக்கிடையே இறுதி இணைப்பு வெட்டப்பட்டது. அதை வெட்டியோர் அரசின் வேலையற்ற இளைஞர் பணிப்படையினர். உறுப்பினர்களைப் பிணைத்திருந்தது மெக்காயின் கோட்பாடு மட்டுமே ஆயின், அவர் விலகியபோதே அவர்களும் கலைந்திருக்க வேண்டும். அவரவர் பொறுப்பிலிருந்த பாதைத்துண்டு அவர்களைக் கலையவிடவில்லை.

இதழும் நெடுநடையரும்

14 மாநிலங்களில் சிதறிக் கிடந்த கழகங்களை ஒரே அமைப்பாக உணரச்செய்ததில் அச்சிதழுக்குப் பெரும்பங்குண்டு. 1939இல் தொடங்கிய பாதைச் செய்தி இதழை ஜீன் ஸ்டீவன்சன் கால் நூற்றாண்டு தொகுத்தார். பாதை மாற்றங்கள், குடில் நிலவரம், பணிமுகாம் அறிவிப்புகள் ஆகியவை அதில் இடம்பெற்றன.

பாதையை வகுத்தோர் அதை ஒரே மூச்சில் எவரேனும் நடப்பார் என்று கருதவில்லை. 1948இல் ஏர்ல் ஷாஃபர் அதைச் செய்தார். பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பியவர் அவர். இளமைக்கால நடைத்தோழரை ஐவோ ஜிமாவில் இழந்தவர். போரின் சுமையை நடந்து இறக்கிவைக்க எண்ணி ஏப்ரல் 4 அன்று ஜார்ஜியாவில் புறப்பட்டு ஆகஸ்ட் 5 அன்று கட்டாடினை அடைந்தார். மாநாட்டினர் முதலில் ஐயுற்றனர். அவருடைய நாட்குறிப்பையும் ஒளிப்படங்களையும் ஆராய்ந்து, ஸ்டீவன்சன் நேரில் வினவிய பின்னரே ஏற்றனர். பாதையைப் பேணுவோர், அதை முழுதும் நடப்போர் என்னும் இரு பிரிவுகள் இச்சமூகத்தில் உருவானதன் தொடக்கம் இதுவே.

இவ்விரு பிரிவினர்க்கும் இடையிலான உறவை எம்மா கேட்வுட்டின் நடை தெளிவாக்குகிறது. பதினொரு பிள்ளைகளின் தாயான அவர், இதழொன்றில் பாதையைப் பற்றிப் படித்து 1954இல் மெய்ன் மாநிலத்திலிருந்து புறப்பட்டார். வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து வீடு திரும்பினார். மறு ஆண்டு தம் 67ஆம் வயதில், கையால் தைத்த துணிப்பையுடனும் துணிக்காலணியுடனும் ஜார்ஜியாவில் தொடங்கி முழுப்பாதையையும் தனியே நடந்து முடித்தார். அச்சாதனையை முதலில் நிகழ்த்திய பெண் அவரே. இதழ்கள் அவரைப் புகழ்ந்தன. அவரோ பாதையின் சீர்கேட்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். சாய்ந்த மரங்கள், அழிந்த குறிகள், எரிந்துபோன குடில்கள் பற்றிய அவருடைய குறைகள் பொதுக்கவனத்தைப் பாதையின் பராமரிப்பின்பால் திருப்பின. நடப்பவரின் குறை பேணுபவரின் பணியாக மாறும் இச்சுழற்சியை இச்சமூகத்தின் உயிர்நாடி எனலாம்.

குடில் பதிவேடுகள்

பாதைநெடுக 250க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் உள்ளன. மூன்று பக்கச் சுவரும் கூரையும் மட்டுமே கொண்ட எளிய அமைப்புகள் அவை. அவற்றில் நெகிழிப் பைக்குள் ஒரு குறிப்பேடு கிடக்கும். அடுத்த ஊற்று வற்றிவிட்டது, கரடி நடமாட்டம் உள்ளது, ஆற்றில் வெள்ளம் மிகுந்துள்ளது என முன்சென்றோர் பின்வருவோர்க்கு அதில் எழுதுவர். நகைச்சுவை, கால்வலி பற்றிய புலம்பல், நண்பர்க்கான சேதி ஆகியவையும் அதில் கலந்திருக்கும்.

இதன் தனித்தன்மை, எழுதுபவரும் படிப்பவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் காண்பதில்லை என்பதாகும். வாரக்கணக்கில் ஒருவரின் குறிப்புகளைப் படித்துக்கொண்டே அவர்பின் நடந்தவர், ஒருநாள் குடிலில் அவரைச் சந்திக்கும்போது பழகிய தோழராக உணர்கிறார். 1970களிலிருந்து பரவலான பாதைப்பெயர் வழக்கமும் இதனுடன் இணைந்தது. சக நடையர் சூட்டும் அப்பெயரே பதிவேட்டில் கையொப்பமாகிறது. தொழில், செல்வம், குடும்பப்பெயர் ஆகியவற்றின் அடையாளங்கள் அங்கே பின்னுக்குச் செல்கின்றன. எவரேனும் காணாமற்போனால், அவருடைய கடைசிப் பதிவே தேடுவோர்க்குத் தடயமாவதும் உண்டு.

நடை முடிந்த பின்னரும் இவ்வுறவு தொடர வேண்டும் என்னும் தேவையிலிருந்து, 1983இல் நெடுநடையர் சங்கம் பிறந்து ஆண்டுக்கூடலை நடத்திவருகிறது. பாதை நிறைவுற்ற 50ஆம் ஆண்டான 1987இல் வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் என்னும் சிற்றூரில் தொடங்கிய பாதைத் திருவிழா, அவ்வூரின் மக்கள்தொகையைப் பன்மடங்காக்கும் ஆண்டு நிகழ்வாக வளர்ந்தது.

சட்டமும் சமூகமும்

தொடக்கக் காலத்தில் பாதையின் பெரும்பகுதி தனியார் நிலங்களின் வழியாக, உடைமையாளரின் வாய்மொழி இசைவின்பேரில் சென்றது. நிலம் கைமாறுகையில் இசைவும் மறைந்தது. பாதை வண்டிச்சாலைகளுக்குத் தள்ளப்பட்டது. இதற்குத் தீர்வாக 1968இல் தேசியப் பாதைகள் சட்டம் இயற்றப்பட்டது. 1978இல் அது திருத்தப்பட்டு, நிலம் வாங்க 9 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்யப்பட்டது.

அரசு நுழைந்ததும் தன்னார்வ அமைப்பு பயனற்றுப்போவதே பல இடங்களில் காணும் இயல்பு. இங்கோ 1984இல் தேசியப் பூங்காத்துறை, வாங்கிய நிலங்களின் மேலாண்மைப் பொறுப்பை மாநாட்டிடமே ஒப்படைத்தது. அறுபது ஆண்டுக்கால உழைப்பு அந்நம்பிக்கையை ஈட்டியிருந்தது. 2005 முதல் அவ்வமைப்பு பாதைப் பாதுகாப்பகம் என்னும் பொருள்தரும் பெயரால் இயங்குகிறது.

இடம் மறுக்கப்பட்டோர்

இச்சமூகத்தின் பெருமையை மட்டும் கூறுவது முழு வரலாறாகாது. ஷெனன்டோவா பூங்காவுக்காக வர்ஜீனியா மாநில அரசு கட்டாயமாக நிலம் கையகப்படுத்தியபோது பல நூறு மலைவாழ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தை இழந்தன. பாதை இன்று அவர்களின் கைவிடப்பட்ட கல்லறைகளையும் கல்வேலிகளையும் கடந்து செல்கிறது. அதே பூங்காவில் 1939இல் திறக்கப்பட்ட லூயிஸ் மலை முகாம் கறுப்பினத்தவர்க்கெனப் பிரித்து ஒதுக்கப்பட்டது. பூங்காவில் இனப்பிரிவினை முற்றிலும் நீங்க 1950 ஆயிற்று. மலைவாழ் மக்களின் வாழ்வாதாரத்தையும் உள்ளடக்கியிருந்த மெக்காயின் திட்டம் சுருங்கியதன் விலையை நடையர் கொடுக்கவில்லை. அங்கு வாழ்ந்தோரே கொடுத்தனர்.

முடிவுரை

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் பாதையின் தென்பகுதியைத் தாக்கியது. எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன, பாலங்கள் அடித்துச்செல்லப்பட்டன, திருவிழா நிகழும் டமாஸ்கஸ் ஊரும் வெள்ளத்தில் சேதமுற்றது. நூற்றுக்கணக்கான மைல் மூடப்பட்டது. வனத்துறையினருடன் கழகத் தன்னார்வலர் இரம்பங்களோடு மலையேறி, அடுத்த இளவேனிற்காலத்திற்குள் பெரும்பகுதியை நடக்கத்தக்கதாக்கினர். ஏறத்தாழ நூறாண்டுகட்கு முன் ஏவரி வகுத்த பகுதிப்பொறுப்பு முறை அப்போதும் செயல்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, பகிர்ந்துகொண்ட கோட்பாட்டைவிடப் பகிர்ந்துகொண்ட பொறுப்பே சமூகத்தை நெடுநாள் பிணைக்கிறது. இரண்டாவது, பின்வரும் முகமறியாதவருக்காக எழுதிவைக்கும் வழக்கம், ஒருவரையொருவர் காணாதோரையும் ஒரே சமூகத்தினராக்குகிறது. மெக்காய் விரும்பிய கூட்டுறவு அவர் எதிர்பார்த்த வடிவில் மலையில் குடியேறவில்லை. ஆனால் தனக்குரிய சில மைல் பாதையில் ஊதியமின்றிக் கல் பதிக்கும் ஒருவரிடமும், ஊற்று வற்றியதைப் பதிவேட்டில் குறித்துவிட்டுச் செல்லும் ஒருவரிடமும் அதன் சாயல் எஞ்சியிருக்கிறது.