தைராக்சின் பதிலீட்டுச் சிகிச்சை

தைராக்சின் பதிலீட்டுச் சிகிச்சை என்பது, தைராய்டுச் சுரப்பி போதிய அளவு சுரக்காத நிலையிலோ, அச்சுரப்பி அறுவை மூலம் நீக்கப்பட்ட பின்னரோ, அதன் இயக்குநீரான தைராக்சினை மாத்திரையாக நாள்தோறும் உட்கொள்ளும் மருத்துவ முறை ஆகும். மாத்திரையில் உள்ள செயற்கைச் சேர்மம் லெவோதைராக்சின் எனப்படுகிறது. பெரும்பாலானோர் இதனை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியுள்ளது. இடையே படபடப்பு, களைப்பு போன்ற புதிய அறிகுறிகள் தோன்றினால், அவை மருந்தின் அளவால் நேர்ந்தனவா அல்லது வேறு காரணத்தால் நேர்ந்தனவா எனப் பிரித்தறிவதே இச்சிகிச்சையின் கடினமான பகுதி ஆகும்.

வரலாறு

1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர் ஜார்ஜ் மரே, 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்.

உடலில் செயற்பாடு

தைராக்சினின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 நாட்கள். ஆகவே ஒரு நாள் மாத்திரை தவறினால் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அதே காரணத்தால், அளவை மாற்றிய பின் இரத்தத்தில் புதிய சமநிலை ஏற்பட ஐந்து அல்லது ஆறு வாரங்கள் ஆகின்றன.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, இரத்தத்தில் உள்ள தைராக்சினுக்கு ஏற்பத் தைராய்டுத் தூண்டு இயக்குநீரைக் (டி.எஸ்.எச்) கூட்டியும் குறைத்தும் சுரக்கிறது. மருந்து மிகுந்தால் டி.எஸ்.எச் தாழும், குறைந்தால் உயரும். இப்பின்னூட்டம் மெதுவாக நிகழ்வதால், அளவு மாறி 6 முதல் 8 வாரங்கள் கழித்தே இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அறிகுறியைப் பார்த்து வாரந்தோறும் தாமாகவே அளவை மாற்றிக்கொள்பவருக்கு, எந்த அளவு எந்த அறிகுறியைத் தந்தது என்பது ஒருபோதும் தெரியவராது.

புதிய அறிகுறிகள்

மருந்து மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, வெப்பம் தாளாமை, எடை குறைதல் ஆகியன தோன்றலாம். இந்நிலை நீடித்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதும், எலும்பு அடர்த்தி குறைவதும் உண்டு. மருந்து போதாவிடில் களைப்பு, குளிர் தாளாமை, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியன திரும்பும்.

களைப்பு தைராய்டுக்கு மட்டும் உரியதன்று. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, உயிர்ச்சத்து பி12 குறைபாடு, நீரிழிவு, மாதவிடாய் நிறுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றிலும் அது காணப்படும். டி.எஸ்.எச் சரியாக இருக்கும்போது அளவைக் கூட்டிக்கொண்டே போவது, உண்மையான நோயை மறைத்துவிடக்கூடும். அண்ணீரகச் சுரப்பி செயலிழந்துள்ள ஒருவருக்கு அதனை அறியாமல் தைராக்சின் தொடங்கினால் உயிராபத்தும் நேரலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், தாறுமாறான துடிப்பு ஆகியவற்றுக்கு ஆறு வாரக் கணக்குப் பொருந்தாது; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அளவு மாறாமல் விளைவு மாறுதல்

அதே மாத்திரையை உட்கொண்டு வரும்போதே விளைவு மாறுவதும் உண்டு. காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் நீருடன் உட்கொள்வது வழக்கம். காப்பியுடன் சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு குறையும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிடோயின் ஆகியவை தைராக்சின் உடலிலிருந்து வெளியேறுவதை விரைவுபடுத்துகின்றன. கருவுற்றால் தேவை பொதுவாக 25 முதல் 30 விழுக்காடு வரை உயர்வதால், கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது.

சில வேளைகளில் பரிசோதனையே தவறான விடை தரும். முடி உதிர்கிறது என்று பலர் உட்கொள்ளும் பயோட்டின், சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்சைக் குறைவாகக் காட்டும். மருந்து குறைந்ததால் முடி உதிரும் ஒருவருக்கு, மருந்து மிகுதி என்று அறிக்கை வர இதனால் வாய்ப்புண்டு. பரிசோதனைக்கு இரண்டு நாட்களுக்கு முன்பாவது பயோட்டினை நிறுத்துமாறு கூறப்படுகிறது.

பிரான்சு நிகழ்வு

பிரான்சில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் உட்கொண்டு வந்த லெவோதைராக்ஸ் மாத்திரையின் சேர்மானம் 2017 மார்ச்சில் மாற்றப்பட்டது. மருந்தின் வீரியம் நீண்டநாள் நிலையாக இருக்க வேண்டும் என அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு கோரியதை அடுத்து, மெர்க் நிறுவனம் லாக்டோசுக்குப் பதிலாக மானிட்டாலையும் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்தது. தைராக்சினின் அளவு மாறவில்லை. ஆயினும் களைப்பு, தலைவலி, தலைசுற்றல், தசைவலி, முடி உதிர்தல் எனப் பக்கவிளைவு அறிக்கைகள் குவிந்தன. அவை 30,000ஐத் தாண்டின. அதே ஆண்டு அக்டோபரில் பழைய சேர்மானம் வேறு பெயரில் மீண்டும் கிடைக்கச் செய்யப்பட்டது.

மாற்றத்துக்கு முன் 204 நலமான நபர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு, இரு மாத்திரைகளும் சராசரியில் சமம் எனக் காட்டியிருந்தது. அதே தரவுகளை 2019 இல் மறுஆய்வு செய்தவர்கள், தனித்தனியே நோக்கினால் பாதிக்கும் மேற்பட்டோரில் வேறுபாடு ஏற்கப்பட்ட வரம்பைக் கடந்ததாகக் கூறினர். ஒரே மாத்திரையை இருமுறை கொடுத்தாலும் ஒருவரிடம் இத்தகைய வேறுபாடு வரும் என்பது எதிர்வாதம். நீதிமன்றத்தில் முன்நின்ற கேள்வி வேறு: மாற்றத்தை நோயாளிகளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே அது. 2020 இல் லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 3,300க்கும் மேற்பட்டோருக்குத் தலா 1,000 யூரோ வழங்க உத்தரவிட்டது. 2022 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

வணிகப்பெயரோ சேர்மானமோ மாறினால், அறிகுறி இல்லாவிடினும் 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.எச் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.