விரலுக்கு ஏற்ற விசைப்பலகை: சுண்டிக்குளியில் தொடங்கிய கதை



தவணைப் பரீட்சை வந்தால் எங்கள் ஆசிரியர் அறையில் இதே பேச்சுத்தான்: “வினாத்தாள் அடிச்சுக் கை உளையுது. நல்ல கீபோர்ட் எது?” தமிழுக்கு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் எங்கள் மண்ணில் பிறந்தவர்.

வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரி தொடங்கியது. 1841 இல் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ பத்திரிகை வந்தது. அச்சுக்கூடத்தில் எத்தனை எழுத்து இருந்தாலும் பரவாயில்லை, பெட்டியிலிருந்து பொறுக்கி அடுக்கலாம். தட்டச்சுப் பொறியிலோ 247 எழுத்துகளையும் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும்.

அதற்கு வழி கண்டவர் 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா. 1907 இல் மலாயா போய், பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். குற்றையும் விசிறியையும் நகரா விசைகளாக்கினார். அவற்றை அடித்தால் தாள் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழும். ‘கி’க்கும் ‘மி’க்கும் தனித்தனி விசை தேவையில்லை. ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் ‘பிஜோ’ என்ற பெயரில் அந்தப் பொறியைச் செய்தது.

கணினி வந்தபோது பாமினி எழுத்துரு தட்டச்சுப் பழக்கத்தையே தொடர்ந்தது. இன்றும் எங்கள் விரல் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பைத்தான் தேடும். 1999 இல் வந்த தமிழ்99 இல் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். க, எ என்று ஒலிக்கும் ஒழுங்கிலேயே அடிக்கலாம். இலங்கை 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 நியமத்தில் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றது.

கடையில் வாங்கும்போதும் கவனியுங்கள். மலிவான பலகையில் அடியில் ரப்பர். கடைசிவரை அழுத்த வேண்டும். மெக்கானிக்கல் பலகையில் விசைக்கு விசை தனிச் சுருள்வில். பாதி அழுத்தத்திலேயே எழுத்து விழும். பொதுவாக நீலம் ‘டிக்’ என்று சத்தமிடும், சிவப்பு வழுக்கிப் போகும், மண்ணிறம் இரண்டுக்கும் நடுவில். வகுப்பறைக்கும் இரவு வேலைக்கும் நீலம் வேண்டாம்.

ஆனால் எங்கள் உளைச்சலில் பாதி விசையால் வருவதல்ல. ஒருவர் பாமினியில் அடித்து அனுப்பிய வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கிறது. திரும்பவும் முதலிலிருந்து அடிக்கிறோம். பிள்ளைகளோ ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கப் பழகிவிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பாடசாலைகள் ஒரே ஒழுங்கை, யூனிகோட்டில், ஆறாம் வகுப்பிலிருந்தே பழக்கினால் என்ன? முத்தையா தமிழை விரலுக்குள் கொண்டுவந்தார். அதை எங்கள் பிள்ளைகளின் விரலில் ஏற்றுவது எங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் எந்த முறையில் அடிக்கிறீர்கள், சொல்லுங்கள்.