மீஸாபின் நீரும் தெருவின் உரிமையும்

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலை உள்ளத்தின் நோய்களுக்குரிய மருந்தாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். அதன் இரண்டாம் கால்பகுதியில், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது பற்றிய பாகத்தில், தெருக்களில் நிகழும் தகாத செயல்கள் தனியே பேசப்படுவதைப் பலர் கவனிப்பதில்லை.

அங்கே இமாமவர்கள் காட்டுபவற்றுள் பலவும் வாசற்படியில் நடப்பவை: குப்பையைப் பாதையோரம் எறிதல், தர்பூசணித் தோலைச் சிதறவிடுதல், வழுக்கும்படி நீர் தெளித்தல், கசாப்புக்காரர் கடைவாயிலிலேயே அறுத்து வழியை இரத்தத்தால் அசுத்தப்படுத்துதல். பின்னர் மழைநீருக்கு வருகிறார்கள். அது சேறாகித் தெருவில் கிடக்கவிடப்படுவது தவறே; ஆயின் யார்மீது பொறுப்பு? குறிப்பிட்ட ஒரு வீட்டின் மீஸாபிலிருந்து, அதாவது கூரைத் தூம்பிலிருந்து, விழுந்து தேங்கியதெனில் அகற்றுவது அவ்வீட்டாரின் தனிக்கடமை. பொதுவாகப் பெய்த மழையெனில் அது பொது ஹிஸ்பா. அதைச் செய்யுமாறு மக்களைப் பணிப்பது ஆட்சியாளரின் கடமை. இரண்டாவது நிலையிலும் மக்கள் கைகட்டி நிற்க இடமில்லை என்பது நோக்கத்தக்கது.

மீஸாப் குறித்து இதனினும் பழைய செய்தி ஒன்று முஸ்னத் அஹ்மதில் உண்டு. அறிவிப்பாளர் தொடரில் குறை கூறப்பட்டிருப்பினும் ஃபிக்ஹு நூலார் அதை எடுத்தாள்வர். ஒரு ஜும்ஆ நாளில் உமர் (ரலி) அவர்கள் ஆடையணிந்து செல்கையில், அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுத் தூம்பிலிருந்து குஞ்சுகள் அறுத்த இரத்தம் கலந்த நீர் அவர்கள்மேல் கொட்டியது. தூம்பைப் பெயர்த்தெறியச் செய்தார்கள். அதை அங்கே வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என அப்பாஸ் (ரலி) கூறியதும், தம் முதுகில் ஏறி நின்று மீண்டும் பொருத்துமாறு உமர் (ரலி) வற்புறுத்தினார்கள். தூம்புக்கு உரிமை நிலைத்தது. இரத்தநீரைத் தெருவில் விட எவரும் உரிமை கோரவில்லை. வழிப்போக்கருக்கு இடையூறில்லாவிடில் மட்டுமே பொதுத்தெருவில் மீஸாப் நீட்டலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை.

பீர்க்கன்கரணை வாசிகளுக்கு இது ஏட்டுச் சட்டமன்று. ஏரிகளின் மாவட்டமெனப் பேர்பெற்ற பழைய செங்கற்பட்டுச் சீமையின் நிலம் இது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இப்பேரூரின் பெயரிலேயே ஓர் ஏரி உண்டு. அப்பால் முடிச்சூர்ப் பக்கம் ஆதனூர் ஏரியிலிருந்து புறப்படும் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. வெள்ளத்தின் அளவைப் பேசினோம். அது சுமந்து சென்றதைப் பேசவில்லை.

கழிவுநீர்க் குழாயின் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் அவ்வாறன்று, உள்ளே விழுந்ததை ஏரிக்கோ ஆற்றுக்கோ அப்படியே சேர்த்துவிடும். வாசலில் வண்டி கழுவிய நுரை, வடிகாலில் ஊற்றிய பொரித்த எண்ணெய், கட்டட வேலையின் சிமெண்டுக் குழம்பு, குர்பானி நாளின் இரத்தம் யாவும் முதல் மழையில் புறப்படுகின்றன. சலவைத் தூளின் பாஸ்பேட்டு ஆகாயத்தாமரைக்கு உரமாகிறது. அது படர்ந்து மூடிய நீரில் பிராணவாயு குன்றி மீன் மாள்கிறது. சோப்பு நஜீஸ் அன்றே என்பார் உண்டு. உண்மைதான். ஆயினும் தூய பொருளே கலந்து, வெறும் நீர் எனச் சொல்ல முடியாதவாறு மாறிவிட்டால் அந்நீரால் ஒளூச் செய்ய இயலாது என்பதை மத்ரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் அறிவார்.

இன்று நம் வீட்டு மீஸாபுக்குத் தெருவுக்கு வரவேண்டிய தேவையே இல்லை. 2003இல் தமிழகம் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய பின், கூரைநீர் மணலும் சரளையும் இட்ட குழிவழியே நிலத்துள் இறங்கலாம். ஐப்பசி பிறக்குமுன் மொட்டைமாடியைப் பெருக்கி, அள்ளியதைக் குப்பை வண்டியில் சேர்த்து, குழியின் மேல்மணலைக் கழுவி இட்டால் போதும். குர்பானி இரத்தத்துக்கு வேறு குழி வேண்டும். கிணற்றுக்கும் இக்குழிக்கும் எட்டத்தில் அதை வெட்டி மண்ணிட்டு மூடிவிடலாம்.