சோளத்தின் இலாபம் யாருக்கு?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மக்கள் மரவள்ளியும் சோளமும் உண்டு உயிர் பிழைத்தனர் என்றேன். ஒரு மாணவன் எழுந்து, "அப்ப சோளம் போட்டவங்களுக்கு நல்ல இலாபமா, டீச்சர்?" என்றான். அக்கேள்விக்கு என் பாட்டியின் வாழ்க்கையே விடை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. இரப்பரை வாங்குவாரும் இல்லை. கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பாட்டி, லயத்தின் பின்புறம் சோளம் ஊன்றினார். மூன்று மாதங்களில் கதிர் கிடைத்தது. ஒரு பகுதியை உண்டார்கள். ஒரு பகுதியை உப்புக்கும் துணிக்கும் மாற்றினார்கள். எஞ்சியதை வாழைமர நோட்டுக்கு விற்றார்கள். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் அந்நோட்டுகள் வெறுங்காகிதமாயின. "தின்னதும் மாத்துனதும்தான் இலாபம்" என்று பாட்டி சொல்லுவார்.

இன்றைய நிலை என்ன? கோழித் தீவனத்திற்காக மலேசியா ஆண்டுதோறும் 30 இலட்சம் டன்னுக்கும் மேலான சோளத்தை இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் விளைந்தது. அதன் விலையோ, 1848இல் தொடங்கப்பட்ட சிக்காகோ வணிகச் சந்தையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. அங்கே பெரும் பண்ணைகளில் இயந்திரங்கள் அறுவடை செய்கின்றன. இங்கோ மழை ஓய்வதில்லை. தானியத்தின் ஈரப்பதத்தை ஏறக்குறைய 14 விழுக்காட்டிற்குக் குறைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்த்தும் செலவை இரண்டு ஏக்கர் உழவர் எப்படித் தாங்குவார்?

ஆயினும் இரவுச் சந்தையில் அவித்து விற்கும் இனிப்புச் சோளத்தின் கதை வேறு. ஏறத்தாழ 70 நாளில் பறிக்கலாம். பறித்த நேரத்திலிருந்தே அதன் இனிப்பு குறையத் தொடங்குவதால், கப்பலில் வரும் சோளம் அதனோடு போட்டியிட முடியாது. அந்த விரைவே சிறு உழவருக்கு வேலி.

அதே விரைவு ஆபத்தும் ஆகும். எல்லாக் கதிரும் ஒரே வாரத்தில் முற்றினால், கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 2019இல் இந்நாட்டிற்குள் நுழைந்த படைப்புழுவிற்கு மருந்துச் செலவும் உண்டு. எனவே நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாரம் விட்டு வாரம் விதைத்து, நேரடியாக விற்பவரே நிலைக்கிறார்.

மறுநாள் அம்மாணவனிடம் சொன்னேன்: "விளைந்த இடத்திற்கு அருகிலேயே தேவைப்படுவோர் இருந்தால்தான் சிறு உழவருக்கு இலாபம், தம்பி." பாட்டி கண்டதும் அதுவே.