ஆடுகளமும் தேயிலை மேடும்

மலைநிலத்தைக் குறிஞ்சி என்று பெயரிட்டு, அதற்கெனத் தெய்வமும் பூவும் பறையும் யாழும் வகுத்துப் போற்றியது பழந்தமிழ் மரபு. அம்மரபில் வந்த எளிய மக்கள் கடல் கடந்து மலாயாவை அடைந்தபோது, அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வாய்த்த குறிஞ்சி நிலமே பகாங் மாநிலத்தின் கேமரன் மலை. அம்மலையில் ஏறிச் செல்வோர் கண்ணில் இருவகைப் பசுமை படும். ஒன்று, சரிவுகளில் அடுக்கடுக்காய்ப் படர்ந்த தேயிலைப் பசுமை. மற்றொன்று, தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே சீராக மட்டம் செய்யப்பட்ட கோல்ப் திடலின் புற்பசுமை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. ஒரே ஆட்சியின் எண்ணத்தில் பிறந்தவை. ஆயினும் இரண்டின் வரலாறும் ஒரே வகையாக எழுதப்படவில்லை.

கோல்ப் என்னும் குழிப்பந்தாட்டம் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்தது. வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாகிறது என்று கருதி, 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசு அவ்வாட்டத்தைத் தடை செய்தது. தடையை மீறி வளர்ந்த ஆட்டம், பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடமெல்லாம் பரவியது. கல்கத்தாவில் 1829இல் கோல்ப் கழகம் தோன்றியது. இலங்கையின் நுவரெலியாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் திடல் அமைந்தது. கோலாலம்பூரில் 1893இல் சிலாங்கூர் கோல்ப் கழகம் நிறுவப்பட்டது. வெப்ப நாட்டில் வாழ நேர்ந்த ஆட்சியாளர், தம் தாய்நாட்டின் குளிரையும் புல்வெளியையும் தேடி மலைகளை நாடினர். உதகமண்டலமும் நுவரெலியாவும் அந்தத் தேட்டத்தால் உருப்பெற்ற ஊர்களே. மலாயாவில் அத்தகைய ஊராக வளர்ந்தது கேமரன் மலை.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங், பேராக் எல்லைப் பகுதியை ஆராய்ந்தபோது, மலைகளால் சூழப்பட்ட மேட்டுநிலம் ஒன்றைக் கண்டு குறிப்பெழுதினார். அவருக்குத் துணை சென்ற கூலோப் ரியாவ் என்னும் மலாய்க்காரரின் பெயரும் வரலாற்றில் நின்றது. ஆயினும் அம்மலையை முதலில் கண்டவர் என்று கேமரனைக் கூறுதல் பொருந்தாது. செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் அக்காடுகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். கேமரன் மறு ஆண்டே மறைந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்வையிட்டு, நுவரெலியாவைப் போன்ற மலைவாழிடமாக அதனை ஆக்கலாம் என்று கருதினார். தேயிலை, காப்பி, சிங்கோனா, காய்கறி ஆகியவை அம்மண்ணில் விளையுமா என்று அறியத் தானா ராத்தாவில் வேளாண் ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது.

மலைவாழிடம் உருவாக முதலில் சாலை வேண்டும். பேராக்கில் உள்ள தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவுக்குக் காட்டையும் பாறையையும் பிளந்து, 1931இல் சாலை நிறைவேறியது. மலாயாவின் சாலைகளிலும் தொடர்வண்டிப் பாதைகளிலும் தமிழர் பெருந்தொகையினராய் உழைத்தனர் என்பது அனைவரும் அறிந்தது. காட்டுக் காய்ச்சலும் மண்சரிவும் அவ்வுழைப்பின் உடன்பிறப்புகள். சாலை வந்தபின் விடுதிகளும், ஓய்வு மனைகளும், ஆங்கிலேயக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளும் எழுந்தன. 1930களின் நடுப்பகுதிக்குள் ஆறு குழிகள் கொண்ட கோல்ப் திடலும் அமைந்துவிட்டது. பின்னாளில் அது 18 குழிகளாக விரிந்தது.

தேயிலையின் கதை இதற்குச் சற்று முன்பே தொடங்கியது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு, போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். செங்குத்தான மலைச்சரிவில் காட்டை வெட்டி, வேரைப் பெயர்த்து, கன்று நட்டுத் தோட்டமாக்குதல் எளிய செயலன்று. மனிதரின் கைகளும் கோவேறு கழுதைகளுமே பெரும்பாலும் அப்பணிக்குக் கருவிகளாயின. நட்ட கன்று கொழுந்து தரும் வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் கவாத்து வெட்டி, களை எடுத்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கொழுந்து கிள்ளும் வேலைக்கு ஓய்வே இல்லை. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்து, முதுகில் கூடை சுமந்து, பனியில் நனைந்து மலையேறிய தமிழ்ப் பெண்களின் விரல்களால் வளர்ந்ததே அப்பசுமை.

இங்கே காலத்தைச் சற்று ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 1920களின் இறுதியில் மலாயாவின் எளிதில் சென்றடையக்கூடிய தோட்டப் பகுதிகளில், இந்தியத் தொழிலாளருக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தபோது ரப்பர் விலை வீழ்ந்தது. அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. வேலை இழந்த பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சமவெளித் தோட்டங்களில் அடுப்பணைந்த அதே ஆண்டுகளில்தான் மலைமேல் ஓய்வு மனைகளும் ஆடுகளமும் உருவாயின. அவற்றை அமைத்தவர்மேல் குறை கூறுவதற்காக இதனை நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே நாட்டில், ஒரே ஆட்சியின்கீழ், ஓய்வும் உழைப்பும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை உணர்வதற்கு இவ்வொப்பீடு உதவும்.

1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்பும் முறையை நிறுத்தியது. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். போர் ஓய்ந்து, 1948இல் தொடங்கிய அவசரகாலமும் 1960இல் முடிந்தது. ஆட்சியாளர் மாறினர், திடலில் ஆடுவோரும் மாறினர். ஆங்கிலேயர் விட்டுச் சென்ற இடத்தில் நாட்டு மக்களுள் வசதி படைத்தோர் ஆடலாயினர். தேயிலை மேட்டிலோ லயமும் கொழுந்துக் கூடையும் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்தன. வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. காட்டைத் தோட்டமாக்கியவரின் பேரனுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் உரிமையில்லை என்பதே மலாயாத் தோட்டத் தமிழர் அனைவருக்கும் பொதுவான துயரம்.

இத்துயரம் பிற்காலத்தில் வேறொரு வடிவமும் கொண்டது. 1980களிலும் 1990களிலும் சமவெளி ரப்பர்த் தோட்டங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறின. பால்மரம் நின்ற இடத்தில் புல் வளர்ந்தது. லயத்தில் வாழ்ந்தோர் இடம்பெயர்ந்தனர். உலகெங்கும் இவ்வாட்டத்தின் நிலப்பசியும் நீர்ப்பசியும் வினாவுக்கு உள்ளாயின. மழையே அரிதான துபாயில் 1988இல் புற்கோல்ப் திடல் திறக்கப்பட்டது. நீரைக் கொணர்ந்து பாலையில் புல் வளர்த்தனர். காட்டை அகற்றி மலையில் புல் வளர்த்தனர். தோட்டத்தை அழித்துச் சமவெளியில் புல் வளர்த்தனர். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கோல்ப் திடல்களின் பெருக்கத்தை எதிர்க்கும் உலக இயக்கம் ஒன்றும் தொடங்கியது. ஆடும் உரிமையை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆடுகளத்திற்காக வாழுமிடம் இழந்தோர்க்கு மாற்றிடம் எது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் கல்வி கற்று நகரங்களை நாடிச் சென்றுவிட்டனர். இது மகிழத்தக்க மாற்றமே. ஆனால் மலையைவிட்டு அவர்கள் இறங்கும்போது, மலையின் நினைவும் உடன் இறங்கி மறைந்துவிடலாகாது. கேமரனின் பெயர் மலைக்கு ஆயிற்று. மேக்ஸ்வெலின் பயணமும் ரசலின் முயற்சியும் நூல்களில் உள்ளன. திடலில் எத்தனை குழிகள் இருந்தன என்பதும் பதிவாகியுள்ளது. முதல் தேயிலைக் கன்றை நட்ட கை யாருடையது என்பது மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

அதனை எழுதும் கடமை தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டனும் பாட்டியும் எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தக் கங்காணியுடன் கப்பலேறினர், எந்த லயத்தில் குடியிருந்தனர், எந்த மேட்டில் கொழுந்து எடுத்தனர் என்று மாணவர் கேட்டு எழுதுவாராயின், ஒவ்வொரு பயிற்சி ஏடும் ஒரு வரலாற்று ஆவணமாகும். சொல்வதற்கு முதியோர் இருக்கும் காலத்திலேயே அது நிகழ வேண்டும். குறிஞ்சி நிலத்து மக்களின் வாழ்வைப் பாட்டில் பதித்து வைத்த இனம், கேமரன் மலையில் உழைத்த தன் மக்களின் பெயர்களையும் பதித்து வைத்தல் தகும்.